மேடில்லாத தீவுகளில் கைப்பிறேக்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் மலை கிடையாது. மண்டைதீவிலிருந்து நெடுந்தீவு வரை எங்கு போனாலும் கடல் மட்டத்துக்குச் சில மீற்றர் மேலே தட்டையாகக் கிடக்கும் சுண்ணக்கல் தரைதான். இங்கே ஜீப்போ பிக்கப்போ ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்தினால், முதலாம் கியரில் விட்டுவிட்டு இறங்கிப் போய்விடுகிறார். கைப்பிறேக்கை இழுக்க வேண்டும் என்ற நினைப்பே வருவதில்லை. இழுக்காவிட்டாலும் வண்டி எங்கே உருண்டுவிடப் போகிறது?

ஊர்காவற்றுறைத் துறைக்குப் போனால் இந்தக் கேள்வி வேறுவிதமாகத் தெரியும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே ஓடும் கடலை, வாகனங்கள் ‘பாதை’ என்று அழைக்கப்படும் மிதவையில் ஏறிக் கடக்கின்றன. ஹம்மன்ஹீல் கடற்கோட்டை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது. மிதவையில் ஏற வேண்டுமானால் தரை நீரை நோக்கிச் சரிந்தே ஆக வேண்டும். முன்னால் ஒரு வாகனம் தடுமாறினால் பின்னால் வருவது அந்தச் சரிவிலேயே காத்து நிற்க வேண்டும். ஏறிய பிறகோ, தளமே அலையோடு சேர்ந்து அசைகிறது. மாதக்கணக்கில் தொடாமல் கிடந்த பிடியை ஓட்டுநர் அப்போதுதான் இழுக்கிறார். பிடி மேலே வருகிறது, வண்டி நிற்கவில்லை. யாராவது ஓடிவந்து சில்லுக்குக் கல் வைக்கிறார்கள்.

அந்தக் கல் எவ்வளவு விசையைத் தாங்குகிறது என்று கணக்குப் போடலாம். 2,000 கிலோ எடையுள்ள ஜீப் ஒன்று, பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் இறங்கும் சரிவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 200 கிலோ எடைக்குச் சமம். நல்ல நிலையில் உள்ள கைப்பிறேக்குக்கு இது பெரிய வேலை அல்ல. ஐக்கிய நாடுகளின் 13-எச் வாகன ஒழுங்குவிதிப்படி, முழுச் சுமை ஏற்றிய பயணிகள் கார் ஒன்றை 20 சதவீதச் சரிவில், அதாவது இதைப்போல் இரு மடங்கு சரிவில், ஏற்றத்திலும் இறக்கத்திலும் கைப்பிறேக் அசையாமல் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்குக் கை கொடுக்கும் விசை 400 நியூட்டனை, சுமார் 40 கிலோ எடையை, தாண்டக்கூடாது. அமெரிக்கச் சோதனையும் அதே 20 சதவீதச் சரிவில்தான் நடக்கிறது; வண்டி ஐந்து நிமிடம் நகராமல் நிற்க வேண்டும். ஆகவே சாதாரணத் துறைச் சரிவில் ஒரு வண்டி நழுவுகிறது என்றால், அதன் கைப்பிறேக் பாதிப் பலத்துக்கு மேல் இழந்துவிட்டது என்று பொருள்.

அந்தப் பலம் எங்கே தொலைந்தது என்று தேடுவதற்கு, கையிலிருந்து சில்லு வரை அது போகும் வழியைப் பார்க்க வேண்டும்.

கால் பிறேக் எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்கிறது. எண்ணெய் அழுத்தம் மணிக்கணக்கில் நிலைத்து நிற்கும் என்று நம்ப முடியாது. ஒரு றப்பர் வளையத்தில் சிறு கசிவு இருந்தாலும் மெல்ல மெல்ல இறங்கிவிடும். அதனால்தான் நிறுத்தி வைக்கும் பிறேக்கைப் பூட்டி வைப்பது முழுக்க இயந்திரப் பொறியாக இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் விதி. பிடியை இழுக்கும்போது கேட்கும் சொடுக்குச் சத்தம், பற்கள் வெட்டிய ஒரு தகட்டில் சிறு கொக்கி ஒவ்வொரு பல்லாக ஏறி உட்காரும் சத்தம். கொக்கி உட்கார்ந்த பின் கை களைத்தாலும் இழுவை குறையாது.

பிடியிலிருந்து இழுவையைப் பின்சில்லுக்குக் கொண்டுபோவது உறைக்குள் ஓடும் எஃகுக் கேபிள். 1896-இல் ஏர்னஸ்ட் மோனிங்டன் பௌடன் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது; சைக்கிள் பிறேக்கிலும் அதே கேபிள்தான். சில்லுக்குள் அது முடியும் இடம், 1902-இல் பிரான்சின் லூயி றெனோ வடிவமைத்த டிறம் பிறேக். சில்லோடு சுழலும் வார்ப்பிரும்பு டிறத்துக்குள் பிறை வடிவில் இரண்டு பிறேக் சூக்கள் இருக்கும். கேபிள் ஒரு நெம்பை இழுக்க, நெம்பு இரண்டு சூக்களையும் விரித்து டிறத்தின் உட்சுவரில் அழுத்தும்.

டிறத்துக்கு ஒரு கெட்டித்தனம் உண்டு. சில்லு சுழல முயலும்போது, அந்தச் சுழற்சியே ஒரு பக்கச் சூவை இன்னும் இறுக்கமாகச் சுவரோடு சேர்த்து இழுக்கிறது. கை கொடுத்த விசைக்கு வண்டியின் எடையே வட்டி சேர்க்கிறது. பின்னோக்கி உருள முயன்றால் அதே உதவி மற்றச் சூவுக்குக் கிடைக்கும். பின்சில்லுக்கு டிஸ்க் பிறேக் வைத்த பல வாகனங்களில்கூட, டிஸ்கின் நடுக்குடத்துக்குள் கைப்பிறேக்குக்கென்று தனியாக ஒரு சின்ன டிறத்தை ஒளித்து வைத்திருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

ஆனால் இந்த உதவி முழுதாகக் கிடைக்க, சூ சுவரைத் தொட வேண்டும். சூவில் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனர் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். கேபிள் உறைக்குள் வழுக்கி ஓட வேண்டும். மூன்றுக்கும் தீவுக் காற்று எதிரி.

நுவரெலியாவிலும் அட்டனிலும் கைப்பிறேக் உழைத்துத் தேய்கிறது. ஒரு நாளில் பல தடவை சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதால் கேபிள் இழுபடுகிறது, லைனர் குறைகிறது. ஒழுங்காக ‘அட்ஜஸ்ட்’ செய்தால் பழைய பலம் திரும்பும். தீவகத்தில் லைனர் பெரும்பாலும் தடிப்பாகவே இருக்கும். இங்கே கைப்பிறேக் கெடுவது வேலை இல்லாமல்தான். அசையாத மூட்டுக்குள் உப்பு குடியேறுகிறது.

உப்புப் படிந்த இரும்பு துருப்பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த உப்பு ஏன் காய்வதே இல்லை என்பதுதான் சுவையான பகுதி. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் நீரிலோ மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. அதற்கு ஏறத்தாழ 33 சதவீத ஈரப்பதமே போதும். நடு மத்தியான வெயிலிலும் தீவகத்துக் காற்றின் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே வாகனத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டிய கடலுப்புப் படலம், கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும், பகலிரவாக ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த மெல்லிய உப்பு நீரில் அயன்கள் எளிதாக நகர்கின்றன, துரு ஓய்வெடுப்பதில்லை.

சோளகம் வீசும் மாதங்களில் தென்மேற்கிலிருந்து வரும் காற்று அலைத் துளிகளை அள்ளிக்கொண்டு வருகிறது. பண்ணைப் பாலத்திலும், வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலுள்ள பாலத்திலும் ஓடும் வாகனத்துக்கு இருபுறமும் கடல். வீட்டுக்குப் போய்க் கழுவலாம் என்றாலும் பல இடங்களில் கிணற்று நீரே உவர். குடிநீருக்கே தட்டுப்பாடான தீவுகளில் வண்டியின் அடிப்பாகத்துக்கு நல்ல தண்ணீர் ஊற்ற யாருக்கும் மனம் வராது. உவர் நீரால் கழுவினால், நீர் ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்சும். மாரி மழைதான் இலவசக் கழுவல்; வடகீழ்ப் பருவக்காற்றோடு அது வரும் வரை உப்பு சேர்ந்துகொண்டே இருக்கிறது.

துரு, அது தின்ற இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். குறைந்தது இரு மடங்கு. திறந்த தகட்டில் அது பொருக்காக உதிர்ந்து போகும். கேபிள் உறைக்குள் உதிர்வதற்கு இடமில்லை. அரைக்கால் மில்லிமீற்றர் இடைவெளியும் துருவால் நிரம்பிக் கேபிள் இறுகிவிடுகிறது.

முழுதாக இறுகும் முன்பே பலம் போகத் தொடங்கிவிடும். வளைந்த உறைக்குள் ஓடும் கேபிளில், ஒவ்வொரு வளைவும் இழுவையில் ஒரு பங்கை உராய்வாகத் தின்னும். உராய்வுக் குணகம் ஏற ஏற, மறுமுனைக்குச் சேரும் இழுவை சமமாகக் குறைவதில்லை, அடுக்கு முறையில் குறைகிறது. துறைமுகத்தில் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரே ஆள் கப்பலைப் பிடித்து நிறுத்துவதற்கும் இதே கணிதம்தான் காரணம். கேபிளின் வளைவுகளைக் கூட்டினால் அரைவட்டம், அதாவது 180 பாகை வருகிறது என்று கொள்வோம். உராய்வுக் குணகம் 0.1 ஆக இருந்தால், கை கொடுத்த இழுவையில் 73 சதவீதம் சில்லுக்குப் போய்ச் சேரும். துருவால் குணகம் 0.3 ஆனால் 39 சதவீதமே சேரும். 0.5 ஆனால் 21 சதவீதம். ஓட்டுநர் அதே பலத்தோடுதான் இழுக்கிறார். பிடியும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இறுக்கம் வழியிலேயே செலவாகிவிட்டது.

ரொயோட்டா ஹைலக்ஸ் வகைப் பிக்கப்புகளில் இன்னொரு இடம் உண்டு. பின்சில்லின் பின்தகட்டில், கேபிளின் இழுவைத் திசையைத் திருப்பும் சின்ன நெம்பு ஒன்று ஊசியொன்றில் சுழல்கிறது. சேறும் உப்பும் நேரே தெறிக்கும் இடம் அது. ஊசி துருவேறினால் நெம்பு திரும்பாது, அல்லது திரும்பிய இடத்திலேயே நின்றுவிடும். அப்படி நின்றுவிட்டால் சூ டிறத்தோடு உரசியபடியே வண்டி ஓடும். சூடேறி லைனரின் மேற்பரப்பு பளபளப்பாகி, பிடிப்புக் குறையும்.

இதே வாகனங்கள் பலவற்றில், லைனர் தேயத் தேயச் சூவைச் சுவருக்கு அருகில் தள்ளிக் கொடுக்கும் தானியங்கி அட்ஜஸ்டர், கைப்பிறேக்கை இழுக்கும்போதுதான் வேலை செய்யும்படி அமைந்திருக்கிறது. கைப்பிறேக்கைத் தொடாதவரின் வண்டியில் சூவுக்கும் டிறத்துக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். ஒரு நாள் கால் பிறேக்கும் ஆழமாக இறங்கத் தொடங்கும். இரண்டும் வேறு வேறு என்று நினைத்தவருக்கு அது புதிராக இருக்கும்.

பழைய ஜீப்புகளின் கதை வேறு. 1948-இல் அறிமுகமான லாண்ட் றோவரும், அதற்கு முந்திய போர்க்கால வில்லிஸ் ஜீப்பும் கைப்பிறேக்கைச் சில்லில் வைக்கவே இல்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னால் உள்ள ட்றான்ஸ்ஃபர் பெட்டியிலிருந்து பின்னச்சுக்குப் போகும் தண்டில் ஒரே ஒரு பிறேக். சேற்றிலும் நீரிலும் இறங்கும் சில்லுகளிலிருந்து அது விலகி, உயரத்தில் இருக்கிறது. அதோடு பற்சக்கர விகிதமும் உதவுகிறது. பழைய சீரிஸ் லாண்ட் றோவரின் பின்னச்சில் தண்டு 4.7 சுற்றுச் சுற்றினால்தான் சில்லு ஒரு சுற்றுச் சுற்றும். முன்பு பார்த்த 200 கிலோ விசை, 38 சென்ரிமீற்றர் ஆரையுள்ள சில்லில் 76 கிலோகிராம்-மீற்றர் முறுக்கை உண்டாக்கும். தண்டில் அதைப் பிடிக்க 16 போதும். சின்ன டிறம் பெரிய வண்டியை நிறுத்தும் மாயம் இதுதான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. டிறத்துக்குப் பக்கத்திலேயே கியர் ஒயில் இருக்கிறது. ட்றான்ஸ்ஃபர் பெட்டியின் பின்பக்க ஒயில் சீல் கசிந்தால், அந்த ஒயில் நேரே லைனருக்குப் போகும். ஒயிலில் நனைந்த லைனரை எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும். சீலை மாற்றிய சில மாதங்களில் மறுபடியும் கசிகிறது என்றால், பெட்டியின் மேலுள்ள காற்றுத் துவாரத்தைப் பார்க்க வேண்டும். அது மண்ணாலோ துருவாலோ அடைபட்டால், ஓடும்போது சூடேறி விரியும் காற்று வேறு வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்.

சரி, பலவீனமான கைப்பிறேக்கை எப்படித் திருத்துவது? பெரும்பாலானோர் முதலில் கை வைக்கும் இடம் கேபிளின் நட்டு. நாலு சுற்று இறுக்கினால் பிடி சீக்கிரம் இறுகுகிறது. திருத்திவிட்டோம் என்ற திருப்தியும் கிடைக்கிறது. உண்மையில் நோய் மறைந்ததே தவிரத் தீரவில்லை. கேபிளைத் தேவைக்கு மேல் இறுக்கினால், டிறத்துக்குள் இருக்கும் நெம்பு ஓய்வு நிலைக்குத் திரும்பாமல் எப்போதும் கொஞ்சம் இழுபட்டே நிற்கும். தானியங்கி அட்ஜஸ்டர் அதனால் செயலிழக்கிறது. சூ உரசிச் சூடேறுகிறது. சில வாரங்களில் பழைய குறை இன்னும் மோசமாகத் திரும்பி வரும்.

முறையான வழி உள்ளேயிருந்து வெளியே வருவது. சமதரையில் வண்டியை நிறுத்தி, உயர்த்தாத சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைத்து முண்டு கொடுக்க வேண்டும். பழைய ஜீப்பில் இது உயிர் காக்கும் விஷயம். தண்டில் பிறேக் உள்ள வண்டியில் ஒரு பின்சில்லை மட்டும் ஜக்கால் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சில்லு ஒரு திசையிலும் தரையிலுள்ள சில்லு மறு திசையிலும் சுழலலாம். கைப்பிறேக் இறுக்கமாக இழுபட்டிருக்கும்போதே வண்டி ஜக்கிலிருந்து உருண்டு விழும்.

அடுத்து, கேபிளை முழுதாகத் தளர்த்திவிட்டு டிறத்தைக் கழற்ற வேண்டும். பழைய லைனர்களில் கல்நார் இருந்திருக்கலாம் என்பதால், உள்ளே சேர்ந்த தூளைக் காற்றடித்து ஊதக்கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நெடுந்தீவுத் தெருக்களின் முருகைக்கல் தூள் கனிமங்களின் கடின அளவுகோலில் 3 முதல் 4 வரைதான், குவார்ட்ஸ் மணலோ 7. ஆகவே அது டிறத்தை அவ்வளவாகக் கீறாது. ஆனால் ஈரத்தோடு சேர்ந்து அப்பி, சூ நகரும் இடங்களை அடைத்துக்கொள்ளும்.

ஒயில் குடித்த லைனரைப் பெற்றோலில் கழுவி நெருப்புக் காட்டிப் பயன்படுத்தும் பழக்கம் பல கராஜ்களில் உண்டு. மேற்பரப்பு காய்ந்தாலும் உள்ளே ஊறிய ஒயில் அடுத்த சூட்டில் வெளியே வரும். சீலை மாற்றி, புதிய லைனர் போடுவதே வழி. பளபளப்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் அரத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கலாம். டிறத்தின் உள்விட்டம் அதன் வார்ப்பிலேயே எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டியிருக்கிறதா என்றும் அளந்து பார்க்க வேண்டும். தேய்ந்து அகன்ற டிறத்தில் புதிய சூவும் முழுப் பரப்போடு பொருந்தாது.

இப்போது நெம்புகளும் ஊசிகளும். துருவைச் சுரண்டி, சூடு தாங்கும் கிறீஸை மெல்லிதாகப் பூச வேண்டும். லைனரில் ஒரு துளி படக்கூடாது. கேபிளின் ஒரு முனையைக் கழற்றிக் கையால் இழுத்துப் பார்த்தால் அதன் நிலை தெரிந்துவிடும். தடையின்றிப் போய்த் தானாகத் திரும்ப வேண்டும். கரகரவென்று போனாலோ, இழுத்த இடத்தில் நின்றாலோ, ஒயில் விட்டு ஓட்டுவது தற்காலிகம்தான். உறைக்குள் துருவேறிய கேபிள் மாற்ற வேண்டிய கேபிள். உட்புறம் பிளாஸ்ரிக் பூசிய புதிய வகைக் கேபிளுக்குக் கிறீஸ் தேவையில்லை. வைத்தால் தூசியைத்தான் பிடிக்கும். சீரிஸ் லாண்ட் றோவரில் கேபிளுக்குப் பதில் கம்பிகளும் நெம்புகளும் இருக்கும். அங்கே தேய்ந்து அகன்ற ஊசித் துளைகளே பிடியின் பாதி ஓட்டத்தைத் தின்றுவிடும்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, அட்ஜஸ்டரைச் சூ டிறத்தைப் பிடிக்கும் வரை திருப்பி, டிறம் தடையின்றிச் சுழலும் அளவுக்கு ஓரிரு சொடுக்குப் பின்வாங்க வேண்டும். கால் பிறேக்கைச் சில தடவை மிதித்துச் சூக்களை நடுவில் உட்கார வைக்க வேண்டும். கடைசியாகத்தான் கேபிளின் நட்டுக்கு வேலை. எத்தனை சொடுக்கில் இறுக வேண்டும் என்பதை அந்த வண்டியின் கையேடு சொல்லும். பிடியை விட்டதும் இரண்டு சில்லும் கையால் சுழல வேண்டும். ஒன்று மட்டும் உரசினால் அந்தப் பக்கக் கேபிளோ நெம்போ இன்னும் இறுகிக் கிடக்கிறது.

ஒரு வண்டியை இவ்வளவு தூரம் பிரித்துத் திருத்த வேண்டுமா என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இருந்ததில்லை. 1990-களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் வராதபோது, ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய குடாநாடு இது. பிற்காலத்தில், 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து ஆண்டுகளும் நாட்டில் இருந்த வண்டிகளே ஓடி வயதாயின. நெடுந்தீவில் ஒரு கேபிள் அறுந்தால், மாற்றுக் கேபிள் குறிகட்டுவானுக்கு வந்து படகேற வேண்டும்.

கெடாமல் வைத்திருப்பது அதைவிட இலேசு. ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் பிடியை முழுதாக இழுத்துவிட்டால் கேபிளும் ஊசியும் அசைகின்றன. துரு இறுகும் முன் உடைபடுகிறது. அட்ஜஸ்டரும் தன் வேலையைச் செய்கிறது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் போகிறவர்கள் குறிகட்டுவான் இறங்குதுறையில் வண்டியை விட்டுவிட்டுப் படகேறுகிறார்கள். சோளகக் காற்று உப்பை அள்ளி வீசும் பருவம் அது. ஈரமான டிறத்தில் கைப்பிறேக்கை இழுத்தபடி நாட்கணக்கில் விட்டுப் போனால், லைனரும் டிறமும் துருவால் ஒட்டிக்கொள்ளும். திரும்பி வந்து புறப்படும்போது சில்லு சுழலாது. அத்தகைய தங்கலுக்குச் சமதரை பார்த்து, கியரில் போட்டு, சில்லுக்கு முண்டு வைத்துவிட்டுப் பிடியை இறக்கிவிடுவதே நல்லது. பிடியைத் தொடாமல் இறங்கிப் போகும் தீவக ஓட்டுநரின் பழக்கம் இந்த ஓர் இடத்தில் சரியாக இருக்கிறது.

மிதவையில் ஏறும் பழைய ஜீப்புக்காரருக்கு இன்னொரு வசதி இருக்கிறது. தண்டுப் பிறேக் இயல்பாகப் பின்னச்சை மட்டுமே பிடிக்கிறது. சீரிஸ் லாண்ட் றோவரில் மஞ்சள் குமிழை அழுத்தி நான்கு சில்லு ஓட்டத்தை இணைத்தால், முன்தண்டும் பின்தண்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டு, அதே சின்ன டிறம் முன்னச்சையும் சேர்த்துப் பிடிக்கும். நிரந்தரமாக நான்கு சில்லும் ஓடும் லாண்ட் றோவர் டிஃபெண்டரில் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டினால் அதே பலன். ஈரமான தளத்தில் பின்ரயர்கள் வழுக்கினாலும் முன்ரயர்கள் பிடித்துக்கொள்ளும். அப்படியும் வண்டி முன்னும் பின்னும் கொஞ்சம் ஆடும். பற்சக்கரங்களுக்கு இடையிலுள்ள தளர்வு அது, பிறேக்கின் குறை அல்ல. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது மட்டும் இந்தப் பிடியை இழுக்கக்கூடாது: அச்சுத் தண்டு முறிந்துபோகலாம்.